காரு கடைசி

எங்கள் வானொலி நிலையத்துக்கு இதுவரை நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு தடவையும் ஏணி போட்டு ஏறிப் பெயர்ப் பலகையை மாட்டியவன் நான்தான் என்பதால் எண்ணிக்கை தப்பாது. என் பெயர் ஜெரால்ட். ராயபுரத்துக்காரன். ஒலிபரப்பு, ஒலிப்பதிவு, ஃபியூஸ் போனால் ஃபியூஸ், ஆள் வந்தால் டீ, எல்லாம் என் இலாகா. உரிமையாளர் மாறும்போதெல்லாம் பலரை வீட்டுக்கு அனுப்பினாலும் என்னை வைத்துக்கொள்வார்கள். திறமையைப் பார்த்து என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் டிரான்ஸ்மிட்டர் மக்கர் பண்ணினால் அதை எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நிலையம் கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டை ஒட்டி, ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற சரக்கு ரயில்கள் எல்லாம் அந்த வழிதான். கேட் ஒரு தடவை மூடினால் ஏழு நிமிடத்திலும் திறக்கும், அரை மணி கழித்தும் திறக்கும். எஞ்சின் நேராகப் போய்விடுமா, பெட்டி சேர்க்க முன்னும் பின்னும் அலையப் போகிறதா என்பதைப் பொறுத்தது அது. ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் பட்டம்மாக்கா.

அக்கா வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. நிலையத்தைக் கூட்டிப் பெருக்க வந்தவர். ஒரு நாள் காலையில் அறிவிப்பாளர் கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். மைக் சும்மா கிடந்தது. அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"கேட்டு மூடிகீது. கன்டெய்னர் வண்டி, நாப்பத்திரெண்டு பெட்டி. எஞ்சினு முன்னால பாத்துகினு கீது, நேரா பூடும். பதினோரு நிமிஷம். வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரு டீயக் குடி நைனா."

பதினோரு நிமிடத்தில் கேட் திறந்தது. மறுநாள் அறிவிப்பாளர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். நேயர்கள் போன் போட்டு அவரைத் திட்டினார்கள். அக்கா எங்கே என்று கேட்டார்கள். அந்த வாரமே ஜன்னல் ஓரத்து நாற்காலி அக்காவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் யாரும் கேட் முன்னால் போய் நிற்பதில்லை. வெயிலில் அங்கே நின்று காய்கிறவன் புது ஆள். விவரம் தெரிந்தவன் தெருமுனையில், டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பான். அக்கா 'கெளம்பு' என்றதும் கிளம்புவான்.

கிளம்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. அதுவும் அக்கா வைத்ததுதான். முன்னெல்லாம் கேட் திறந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் புகுந்து, நடுத் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படி ஒரு நாள் அக்காவின் தம்பி மனைவி ஆட்டோவில் வலியோடு மாட்டிக்கொண்டாள். எதிர்ப் பக்கத்தில் ராங் சைடில் ஏறிய ஒரு கார் பின்னால் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய விஷயம். கேட்கீப்பர் கையில் பிடித்திருந்த கொடியைப் பார்த்துக்கொண்டே பிறந்ததால் செங்கொடி என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அக்கா மைக்கில் அழுதுகொண்டே போட்ட சட்டம் இது.

"மொதல்ல ஆம்புலன்ஸு. அப்பால ஸ்கூல் வேனு. அப்பால ஷிப்டு வண்டி, மீன் வண்டி, ஆட்டோ, லாரி. காரு கடைசி. ஏசி கீதுல்ல, குந்திகினு காத்து வாங்கு."

எந்தச் சட்டசபையிலும் நிறைவேறாத இந்தச் சட்டத்தை ஊரே மதித்தது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் இருந்தார். அவரும் அக்கா சொல்வதைக் கேட்டுத்தான் கை காட்டுவார்.

அப்போது நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தது ஒரு நேயர் நலச் சங்கம். சங்கத்தில் ஆறு பேர், ஏழு கோஷ்டி. செயலாளர் கோதண்டம், நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு பேரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதும், நிலையத்தைக் கைமாற்றிவிடுவது என்று ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டார்கள்.

முதலில் வாங்கியவர் தங்கபுஷ்பம் அம்மாள். உடன்குடிப் பக்கம். அரிசி மொத்த வியாபாரம். ஒரு புதன்கிழமை பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தார். வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னண்டுக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள கையெழுத்தாகணும். ஆகலன்னா எனக்கு இந்த ரேடியோ வேண்டாம், நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார்.

ஒரு ஷரத்தை வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போக கோதண்டம் அனுமதிப்பாரா? உடனே பத்திரத்தில் ஏற்றினார். இந்நிலையம் இனி எப்போது, எவருக்குக் கைமாறினாலும், குறித்த நாளில், நிலையத்துக்கு உள்ளேயே, பகல் பன்னிரண்டு மணிக்குள் இரு தரப்பும் நேரில் கையொப்பமிட வேண்டும், தவறினால் நிலையம் சங்கத்துக்கே சேரும். எழுதி முடித்துவிட்டு அதைத் தானே இரண்டு முறை வாசித்து ரசித்தார். அதற்குப் பிறகு அந்தப் பத்திரத்தை வேறு யாரும் முழுக்க வாசித்ததாகத் தெரியவில்லை.

கொருக்குப்பேட்டை நேயர் வானொலி, மங்கள நாதம் ஆயிற்று. அம்மாள் முதல் நாள் காலை அறிவிப்பைக் கேட்டதும் அரிசி மண்டியிலிருந்து ஓடி வந்தார்.

"ஏம்மா, காலையில எந்திச்சதும் ஊர்க்காரன் காதுல மூடியாச்சு மூடியாச்சுன்னு சொல்லுதியே, எவனாவது கடையத் தொறந்து யாவாரம் பண்ண வேண்டாமா?"

"கேட்டு தானேம்மா மூடிகீது?" என்றார் அக்கா.

"கேட்டோ, கதவோ. நாங்க ராத்திரி கடையச் சாத்தும்போதுகூட எடுத்து வைக்கோம்னுதான் சொல்லுவோம். வெளக்க அணைக்கோம்னு சொல்ல மாட்டோம், குளிர வைக்கோம்பம். நீயும் அப்படிச் சொல்லிப் பழகு."

மறுநாளிலிருந்து, "கேட்டு குளுந்துகீது. பதினாலு நிமிஷத்துல மலரும்" என்று அறிவிப்பு வந்தது. ஊர் ஒரு நாள் முழித்தது. இரண்டாம் நாள் டீக்கடையில், "மாமு, கேட்டு குளுந்துச்சாம், ரெண்டு டீ போடு" என்றார்கள். அவ்வளவுதான். அம்மாள் தன் மறைந்த கணவரின் பெரிய புகைப்படத்தை, மாலையும் சீரியல் லைட்டுமாக, ஜன்னலில் பாதியை மறைத்து மாட்டினார். மீதிப் பாதியில் அக்கா பெட்டி எண்ணினார். ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு அம்மாளின் ஜோசியர், சத்தம் சம்பந்தப்பட்ட தொழில் அவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்து வந்தது வைபோ என்ற நிறுவனம். நிலையத்துக்கும் அதே பெயர். அதன் தென்மண்டலத் தலைவர் அபின். முப்பது வயதிருக்கும். முதல் கூட்டத்தில் எனக்கும் அக்காவுக்குமாகப் பெரிய திரை கட்டி, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேசினார். விளக்கை அணைப்பதற்கு அவர் குளிர வைப்பது என்று சொல்லாதது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

"நாங்க ரேடியோ ஸ்டேஷன் வாங்கல. ஒரு ஃபீலிங்கை வாங்கியிருக்கோம். இனிமே இங்க பேச்சே கிடையாது, மியூசிக் மட்டும்தான். எங்க ரிசர்ச் தெளிவா சொல்லுது, மனுஷன் பேச ஆரம்பிச்சா இன்னொரு மனுஷன் சேனலை மாத்திடறான்."

"அப்ப நீ ஒரு மணி நேரமா பேசிகினு கீறியே நைனா?" என்றார் அக்கா.

"இது மீட்டிங், மேடம். அப்புறம் இங்க எல்லாரும் ஃபர்ஸ்ட் நேம்தான். என்னை அபின்னே கூப்பிடுங்க."

"செரி அபின் நைனா."

தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல் முழுவதையும் கறுப்புப் பஞ்சுப் பலகை வைத்து அடைத்தார்கள். அக்காவின் வேலை, நிறுவனம் அனுப்பும் பட்டியலில் இருக்கும் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட விடுவது. மைக்குக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டார்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. 'மனிதத் தலையீடு தேவைப்பட்டால் மட்டும்' என்று அதில் ஒரு அட்டை தொங்கியது.

அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தார். பஞ்சுப் பலகையில் கண் வைக்கிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். பார்த்தார். கேட் மூடியிருந்தது. பட்டியலில் தேடி, இருப்பதிலேயே அழுகைப் பாட்டாக ஒன்றைப் போட்டார். அது முடிந்ததும் இன்னொரு அழுகைப் பாட்டு. கேட் திறந்த நொடியில் ஒரு குத்துப் பாட்டு.

கீழே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த சுஃபியான் காதைத் தீட்டினான். நாலு தடவை கேட்டான். ஐந்தாவது தடவை சீட்டிலிருந்து குதித்தான். "தோஸ்து, அக்கா பேசுது! சோகம்னா ஆஃப் பண்ணு, குத்துன்னா கெளம்பு!" ஒரே வாரத்தில் திருவொற்றியூர் வரை எல்லா டிரைவர்களுக்கும் இது மனப்பாடம். இரண்டு சோகப் பாட்டு வரிசையாக வந்தால் பெட்டி சேர்க்கிற எஞ்சின், சாவகாசமாக நாஷ்டாவே முடித்துவிடலாம். விஷயம் தெரியாத ஒரே இடம் வைபோவின் தலைமை அலுவலகம்.

அங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சோகப் பாட்டு ஓடும்போதெல்லாம் எங்கள் பகுதியில் ஆயிரக்கணக்கான பேர் ரேடியோ போடுகிறார்கள். குத்துப் பாட்டு வந்ததும் அத்தனை பேரும் அணைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க ஷாலு என்ற பெண் வந்தார். நேயர் உளவியல் நிபுணராம். டீக்கடை பெஞ்சில் சுஃபியானை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"சோகப் பாட்டு கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"பேஜாரா இருக்கும்மே. வண்டிய ஆஃப் பண்ணிட்டு கம்முனு குந்திடுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"அது முடியற வரிக்கும். எதுக்கு அவசரப்படணும், போவவா முடியும்?"

"குத்துப் பாட்டு வந்தா?"

"ஒரு செகண்டு இருக்க மாட்டேன். ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு பூடுவேன்."

ஷாலுவின் கண்ணில் நீர் தேங்கியது. இரண்டு கையாலும் வேகமாகத் தட்டச்சு செய்தார்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி திரை, மறுபடி இருட்டு. ஷாலு படித்தார். "வடசென்னை நேயர் அடிப்படையில் துயரமானவர். துயரப் பாடல் கேட்கும்போது அவர் தொழிலையே நிறுத்திவிட்டு மௌனத்தில் அமர்கிறார். 'போகவா முடியும்' என்று வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறார். மகிழ்ச்சியான பாடல் அவரைத் துரத்துகிறது." அபின் எழுந்து நின்று கை தட்டினார்.

"இத்தனை நாள் இவங்களை நாம சந்தோஷப்படுத்தி நஷ்டப்பட்டிருக்கோம்! இனிமே இருபத்திநாலு மணி நேரமும் சோகம். பேரு, கண்ணீர் எஃப்.எம். இவங்க வலியை நாம கொண்டாடப் போறோம்."

"சார், அது சோகம் இல்ல சார். கேட்டு சார். ரயில்வே கேட்டு" என்றேன்.

அபின் என் தோளில் கை வைத்தார். "கரெக்ட் ஜெரால்ட். வாழ்க்கையில ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரு மூடின கேட் இருக்கு. ஷாலு, இதை எழுதிக்கங்க, இதையே நம்ம பஞ்ச் லைனா வச்சிடலாம்."

அதோடு நிற்கவில்லை. இப்படி ஒரு அபூர்வமான துயரச் சந்தை கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும், நிலையத்தை வாங்கிக்கொள்ள இன்னும் பெரிய நிறுவனம் ஒன்று முன்வந்தது. கண்ணீர் எஃப்.எம். தொடங்கும் நாளிலேயே கைமாற்றமும். காலை பத்து மணிக்குச் சோகம் ஆரம்பம். பதினொரு மணிக்கு அந்த நிறுவனத்தின் சேர்மன் நேரில் வந்து கையெழுத்துப் போடுவார்.

"சேர்மன் வந்தப்பறம் எனக்கு இன்னா வேலை அபின் நைனா?" என்று கேட்டார் அக்கா.

"அவங்ககிட்ட ஒரு கம்ப்யூட்டர் குரல் இருக்கு மேடம். எட்டு மொழி பேசும். தூங்காது, லீவு கேக்காது. அதனால உங்களுக்கு அன்னைக்கு மதியத்தோட பூரண விடுதலை."

"அது பெட்டி எண்ணுமா?"

"எந்தப் பெட்டி?" என்றார் அபின்.

அன்று மாலை அக்கா அந்த ஊசி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இந்த ஜன்னலு இல்லன்னா நான் எங்க நைனா போய் குந்துவேன்? வூட்ல ஜன்னலுக்கு எதிர்ல பக்கத்து பில்டிங் செவுருதான் கீது" என்றார். கோபத்தில் டிரான்ஸ்மிட்டரைத் தட்டக் கூடாத இடத்தில் ஓங்கித் தட்டினேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தொடக்க நாள் வந்தது. டயர் கடை முன்னால் பந்தல். வருகிறவர்களுக்கு முத்திரை போட்ட கைக்குட்டை. அழுவதற்காம். பஞ்சுப் பலகைக்கு மேலே பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். அதில் ஒரு கண்ணீர்த் துளி விழுந்துகொண்டே இருந்தது. அதை மாட்டியதில் அக்காவின் ஊசி ஓட்டையும் மறைந்தது. பாட்டு பெங்களூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து நேராக வரும். இங்கிருந்து யாரும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் படிவம் நிரப்பி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றாவது கையெழுத்து அபினுடையது.

பத்து மணிக்கு முதல் அழுகை ஆரம்பித்தது. தொடர்ந்து இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

ஊர் நிதானமாக வண்டியை ஆஃப் செய்தது. பெரிய வண்டி போலிருக்கிறது என்றார்கள். ஆறாவது பாட்டில் கடையில் போண்டா தீர்ந்தது. ஒன்பதாவது பாட்டில் ஷிப்டு வேனில் சீட்டுக் கட்டைப் பிரித்தார்கள். பதினோராவது பாட்டில், இவ்வளவு நீளமான ரயிலை நம் நாடு எப்போது செய்தது என்று ஒரு பெரியவர் வியந்தார். கேட் என்னவோ அன்றைக்குப் பார்த்து அதிசயமாகத் திறந்தே கிடந்தது. கேட்கீப்பர் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு சைக்கிள்கூட இல்லை. ஏதாவது பந்த்தா என்று எனக்குப் போன் செய்தார். இரண்டு பக்கத் தெருவிலும் வளைவுக்கு அப்பால் முன்னூறு வண்டிகள், திறந்த கேட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

அந்தப் பக்கத்து வரிசையில் சேர்மனின் கறுப்புக் காரும் ஒன்று. கூட அபின். அன்றைக்கு அந்தக் காரை ஓட்ட நிறுவனம் வாடகைக்குப் பிடித்திருந்த உள்ளூர் டிரைவர் நம்ம சுஃபியான். உள்ளே நடந்ததை அவன்தான் பிறகு எனக்குச் சொன்னான்.

"வண்டி ஏன் இன்னும் நிக்குது?" என்று அபின் கேட்டிருக்கிறார்.

"கேட்டு மூடிகீது சார்."

"இங்கிருந்து கேட்டே தெரியலையே, எப்படிச் சொல்றே?"

"உங்க ரேடியோதான் சார் சொல்லுது. சோகப் பாட்டு ஓடுதே, காதுல உழல?"

அபினுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. ஷாலுவின் அறிக்கை, நான் சொன்ன 'கேட்டு சார்', அக்கா கேட்ட பெட்டி, எல்லாம் வரிசையாக. முகம் வெளுத்துவிட்டதாம். மணி பதினொன்று முப்பத்தைந்து. சேர்மனிடம், அரை கிலோமீட்டர்தான், நடந்துவிடலாமா என்று கேட்டார். 'மக்களோடு மக்களாக' என்று தலைப்பிட்ட உரையை மடியில் வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்த சேர்மன் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் நடந்து வந்து கையெழுத்துப் போட்டால் பங்குதாரர்கள் என்ன நினைப்பார்கள்? பந்தல் வாசலில் கார் நிற்கும், பூ தூவுவார்கள் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. மக்கள் இருக்கிற இடத்தில் நான் இறங்குவதில்லை" என்றார்.

என் போன் அலறியது. அபின்தான். ஸ்பீக்கரில் போட்டேன். "ஜெரால்ட்! உடனே ஒரு குத்துப் பாட்டு போடு!"

"படிவம் நிரப்பணும் சார். மூணாவது கையெழுத்து உங்களுது."

"பூட்டைத் திற! மைக்கை மேடம்கிட்ட குடு! மேடம், ஒரே ஒரு வார்த்தை, கேட் திறந்திருக்குன்னு சொல்லுங்க. உங்க வேலையைப் பத்தி நான் சேர்மன்கிட்ட பேசறேன்!"

நான் பூட்டைத் திறந்தேன். அப்போது ஒரு கை மைக்கைப் பொத்தியது. கோதண்டம். சங்கத்தின் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்து, காலை எட்டு மணியிலிருந்து மடியில் பத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கம்முனு குந்திகினு இரு பட்டம்மா. வாயத் தொறக்காத. பன்னண்டு அடிச்சா ஷரத்துப்படி ஸ்டேஷனு நம்மளுது. உன் ஜன்னலு, உன் மைக்கு, எல்லாம் உனக்குத்தான். இன்னும் இருபது நிமிஷம்தான்" என்றார்.

போனில் அபின் கெஞ்சிக்கொண்டிருந்தார். கோதண்டம் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

பஞ்சையும் திரையையும் தாண்டி, எங்கேயோ தூரத்தில், ஒரு சைரன் சத்தம் மெல்லக் கேட்டது. நகராத சைரன். ஒரே இடத்தில் நின்று கத்துகிற சைரன்.

அக்கா எழுந்துவிட்டார். "ஆம்புலன்ஸு நைனா, மாட்டிகினு கீது!" என்று கத்தினார். கண்ணீர்த் துளியோடு அந்தத் திரையைப் பிடுங்கினார். பஞ்சுப் பலகையைப் பெயர்த்தார். வெயில் உள்ளே வந்து விழுந்தது. ஒன்றரை வருடம் பாதி ஜன்னல், அப்புறம் ஊசி ஓட்டை, இப்போது முழு ஜன்னல். ஒரே ஒரு பார்வை. மைக்கை இழுத்தார். கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார்.

"அலோ, பட்டம்மா பேசறேன். எல்லாரும் பாட்ட நம்பாத. கேட்டு தொறந்துதான் கீது. ஆனா இப்பத்தான் சிக்னலு உழுந்துச்சு. தொறமுகம் பக்கத்துலருந்து எஞ்சினு வருது. பத்து நிமிஷம்தான் கீது. ஒருத்தனும் பேஜாரு பண்ணாத, வரிசை தெரியும்ல? ஆம்புலன்ஸு மொதல்ல, எல்லாம் ஓரம் கட்டு. அப்பால ஸ்கூல் வேனு. ஜல்தி, ஜல்தி!"

முன்னூறு வண்டிகள் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆனால் ஒருவன் முந்தவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆம்புலன்ஸ் பறந்தது. ஸ்கூல் வேன் இரண்டு, ஷிப்டு வேன்கள், சீட்டுக் கட்டோடு. மீன் வண்டி, ஆட்டோக்கள். ஜன்னலில் நின்று நான் விசில் அடித்தேன். பந்தலில் இருந்தவர்கள் கைக்குட்டையை வீசினார்கள். சந்தோஷத்தில் கோதண்டம்கூட ஒரு கணம் பத்திரத்தை மறந்து, "போ, போ, போ" என்று கத்தினார்.

காருக்குள் அபினும் கத்திக்கொண்டிருந்தார். "நீயும் போடா! புகுந்து போ!"

"முடியாது சார்" என்றான் சுஃபியான். "காரு கடைசி."

"யார் சொன்னது?"

"அக்கா."

"அவங்க என் ஸ்டாஃப்! நான் சொல்றேன், எடு!"

"நீங்க இன்னிக்கி இருப்பீங்க, நாளைக்கி விமானத்துல பூடுவீங்க. நான் தெனமும் இங்கதான் சார் வண்டி ஓட்டணும்."

ஆட்டோ முடிந்தது. லாரி முடிந்தது. கடைசியாகக் கறுப்புக் கார் உறுமிக்கொண்டு வளைவில் திரும்பியது. கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது மணி அடித்தது. குறுக்குத் தடி ஆடிக்கொண்டே இறங்கி, காரின் மூக்குக்கு முன்னால் நின்றது. பந்தலும் பூத்தட்டும் அங்கிருந்து நன்றாகவே தெரிந்திருக்கும். நடுவில் எஞ்சின் வந்தது. பின்னாலேயே பெட்டிகள்.

பத்தாவது பெட்டி போகும்போது தொழிற்சாலைப் பக்கமிருந்து பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. கோதண்டம் பத்திரத்தைப் பிரித்து அந்த ஷரத்தை மூன்றாவது முறையாக வாசித்தார், இந்தத் தடவை சத்தமாக. பிறகு அதை மடித்து அக்காவின் மேஜையில் வைத்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை. உதடு அசைய, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

ரயிலுக்கு அந்தப் பக்கம் அபின் காரிலிருந்து இறங்கி, டையைத் தளர்த்திக்கொண்டு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தெரிந்த இடைவெளி வழியாகக் கையை ஆட்டி ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இடத்தில் நிற்கிறவன் எவனாக இருந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்.

அக்கா மைக்குப் பக்கம் குனிந்தார்.

"கேட்டு மூடிகீது. அம்பத்தெட்டு பெட்டி, இப்ப பன்னண்டாவது போய்கினு கீது. எஞ்சினு பெட்டி சேக்கறதுக்கு நிக்கும் போலகீது, முப்பது நிமிஷம் ஆவும். கறுப்புக் காரு நைனா, உனக்குப் பின்னால ஒரு மீன் வண்டி வந்து நிக்குது பாரு. கொஞ்சம் ஓரமா எடுத்து அதுக்கு வழி உடு."